ஐந்தாவது குருவியின் பெயர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோயிலில் இரண்டாம் ஆராதனைக்கு மணி அடித்திருக்கும் நேரம். நான் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஓரத்தில் பைனாகுலரோடு நின்றுகொண்டிருந்தேன். (எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம்.) மின்கம்பியில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. சாக்லேட் நிறத் தலை, வெள்ளை மார்பு, வெயில் பட்டால் கண் கூசும் நீல முதுகு. ஊரில் கிணற்றுமேட்டிலும் வாய்க்கால் கரையிலும் சின்ன வயதிலிருந்தே பார்த்த பறவைதான். போனில் பதிவுசெய்யும்போது முதல்முறையாக அதன் அறிவியல் பெயரை உற்றுப் பார்த்தேன். ஹால்சியான் ஸ்மிர்னென்சிஸ்.

ஸ்மிர்னென்சிஸ் என்றால் ஸ்மிர்னாவைச் சேர்ந்தது. ஸ்மிர்னா என்றால் நம் பைபிளில் வரும் சிமிர்னா. ஞாயிறு பள்ளியில் ஆசியாவின் ஏழு சபைகளையும் மூச்சுவிடாமல் ஒப்பித்து ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியிருக்கிறேன். எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா. ஏழில் இரண்டு சபைகளுக்குத்தான் கண்டனம் கிடையாது. அதில் ஒன்று சிமிர்னா. ஏழைகளின் சபை. வெளிப்படுத்தின விசேஷத்தில் அவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம், உங்கள் வறுமை எனக்குத் தெரியும், ஆனாலும் நீங்கள் பணக்காரர்கள் என்கிற தொனியில் தொடங்கும். இன்று துருக்கியில் இஸ்மீர் என்று அழைக்கப்படும் அந்த ஊரின் பெயரைத்தான் 1758இல் லின்னேயஸ் இந்தப் பறவைக்கு வைத்தார். கோயிலுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்தவன் முன்னால் ஒரு சபையின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு பறவை உட்கார்ந்திருந்தால் சிரிப்பதா, பயப்படுவதா?

இதை அடையாளம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அந்த மீன்கொத்திக்கு சிமிர்னா தெரியாது. தவளை தெரியும். ஆனால் அன்றிலிருந்து பெயர்களின் பின்னால் அலைய ஆரம்பித்தேன். அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் லேப்டாப்பில் ஒரு எக்செல் கோப்பு திறந்தபடி கிடந்தது. அதில் ஒரே ஒரு கட்டம் மூன்று வாரமாகக் காலியாக இருந்தது. அதில் ஒரு பெயரை எழுத வேண்டும். எழுதலாமா என்று தெரியவில்லை.

*

இந்தப் பெயர்களுக்கெல்லாம் தொடக்கப்புள்ளி ஒரு புத்தகம். 1758இல் வெளிவந்த ‘சிஸ்டமா நேச்சுரே’யின் பத்தாம் பதிப்பு. எழுதியவர் கார்ல் லின்னேயஸ், சுவீடனைச் சேர்ந்த ஒரு லூத்தரன் போதகரின் மகன். அவருடைய குடும்பப் பெயரே ஒரு மரத்திலிருந்து வந்தது. அப்பா பல்கலைக்கழகத்தில் சேரும்போது குடும்பப் பெயர் ஒன்று தேவைப்பட்டது. குடும்ப நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரத்தின் பெயரை லத்தீனாக்கி வைத்துக்கொண்டார். உலகத்துக்கெல்லாம் பெயர் வைத்தவர் தன் பெயரை ஒரு மரத்திடம் கடன் வாங்கியிருந்தார். எனக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடிக்கும்.

போதகரின் மகனுக்கு ஆதியாகமம் இரண்டாம் அதிகாரம் நிச்சயம் மனப்பாடமாக இருந்திருக்கும். நாம் அதை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். கடவுள் மிருகங்களையும் பறவைகளையும் உருவாக்கி, மனிதன் என்ன பெயர் வைப்பான் என்று பார்ப்பதற்காக அவனிடம் கொண்டுவருகிறார். அந்தப் ‘பார்ப்பதற்காக’ என்பதில்தான் நான் நின்றுவிடுகிறேன். முதல் அதிகாரத்தில் வெளிச்சத்துக்குப் பகல் என்றும் இருளுக்கு இரவு என்றும் அவரே பெயர் வைத்தார். இங்கே தள்ளி நின்று காத்திருக்கிறார். குழந்தை புதுப் பொம்மைக்கு என்ன பெயர் வைக்கும் என்று அம்மா காத்திருப்பதுபோல.

இந்தக் காட்சி ஆதாமின் தனிமையைப் பற்றிச் சொன்ன உடனேயே வருகிறது. மனிதன் தனியாக இருப்பது நல்லதல்ல என்று சொல்லிவிட்டுத்தான் பறவைகள் அணிவகுக்கின்றன. ஆகவே, பெயர் வைப்பது ஆளுகையின் அறிகுறி, முத்திரை குத்துவது என்று மட்டும் இதை வாசிக்க என்னால் முடியவில்லை. தனியாக இருக்கும் ஒருவன் ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்து, நீ யார் என்று கேட்டுப் பார்க்கிறான். பெயர் என்பது அந்தப் பார்வையின் மிச்சம். உண்மையாகவே உற்றுப் பார்த்தவர்கள் வைத்த பெயர்களில் இது தெரியும். கொண்டலாத்திக்கு உபுபா எபோப்ஸ் என்று பெயர். உபுபா லத்தீன், எபோப்ஸ் கிரேக்கம். இரண்டுமே அதன் குரலைக் கேட்டு வந்த சொற்கள். பறவை தன் பெயரைத் தானே சொல்லியிருக்கிறது, மனிதர்கள் இரண்டு மொழிகளில் எழுதிக்கொண்டார்கள்.

நம் காக்காய்க்குப் பெயர் கோர்வஸ் ஸ்பிளெண்டென்ஸ். ஒளிரும் காகம். 1817இல் வியேயோ என்ற பிரெஞ்சுக்காரர் வைத்தது. குப்பைமேட்டில் தினமும் பார்க்கிற நமக்கு அது கறுப்பு. அவருக்கு அதன் இறகில் இருந்த பளபளப்பு கண்ணில் பட்டது. அந்தப் பெயரைத் தெரிந்துகொண்ட மறுநாள் பால்கனிக்கு வந்த காக்காயின் கழுத்தை முதல்முறையாகப் பார்த்தேன். உண்மைதான், மினுங்குகிறது.

ஆனால் இதே பத்தாம் பதிப்பில்தான் லின்னேயஸ் மனிதர்களையும் கண்டம் வாரியாகப் பிரித்து எழுதினார். ஐரோப்பியர்கள் சட்டத்தால் ஆளப்படுபவர்கள். ஆசியர்கள் அபிப்பிராயத்தால் ஆளப்படுபவர்கள். ஆப்பிரிக்கர்கள் மனம் போன போக்கால் ஆளப்படுபவர்கள், சோம்பேறிகள். சிட்டுக்குருவிக்குப் பெயர் வைத்த அதே பேனா, அதே மை. குருவியைப் பார்த்து எழுதியவர் மனிதர்களைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார். பெயர் வைப்பதன் எல்லா அழகும் எல்லா ஆபத்தும் அந்த ஒரே புத்தகத்துக்குள் இருக்கின்றன.

*

மென்பொருள் எழுதுகிறவர்களுக்குப் பெயர் வைக்கிற கஷ்டம் தெரியும். ஒரு ஃபங்ஷனுக்குச் சரியான பெயர் கிடைக்காமல் அரைநாள் போயிருக்கிறது. தப்பான பெயர் வைத்துவிட்டால் அதைவிடக் கஷ்டம். நீங்கள் இணையத்தில் ஒரு சுட்டியைச் சொடுக்கும் போதெல்லாம் உங்கள் உலாவி, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்பதை வழக்கமாக ‘ரெஃபரர்’ என்ற தலைப்பில் அனுப்புகிறது. அந்த ஆங்கிலச் சொல்லில் ஒரு ‘ஆர்’ குறைவு. 1990களில் தரநிலையை எழுதும்போது விழுந்த எழுத்துப்பிழை. கவனிப்பதற்குள் பரவிவிட்டது. திருத்தினால் இணையத்தில் பாதி உடைந்துபோகும். ஆகவே உலகமே இன்றுவரை சேர்ந்து தப்பாக எழுதிக்கொண்டிருக்கிறது.

பறவைப் பெயர்களிலும் இதே சட்டம்தான். முதலில் முறைப்படி வெளியான பெயருக்கே முன்னுரிமை. பொருள் தவறாக இருந்தாலும் மாற்ற முடியாது. இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் பாரடைசியா அபோடா. சொர்க்கத்தின் காலில்லாப் பறவை.

1522இல் மெகல்லனின் கப்பல்களில் மிஞ்சிய ஒன்றான விக்டோரியா ஸ்பெயினுக்குத் திரும்பியபோது, மொலுக்காஸ் தீவுகளின் அரசர் ஒருவர் கொடுத்த பறவைத் தோல்கள் அதில் இருந்தன. பின்பு வணிகர்கள் மூலம் இன்னும் நிறைய வந்தன. நியூகினிப் பக்கத்து வேட்டைக்காரர்கள் தோலைப் பதப்படுத்தும்போது கால்களை வெட்டிவிடுவார்கள். பொன்னிறத் தோகை, கால் இல்லை. ஐரோப்பா ஒரு முடிவுக்கு வந்தது: இந்தப் பறவை பூமியில் இறங்குவதே இல்லை, ஆகாயத்திலேயே மிதந்து, பனியைக் குடித்து வாழ்கிறது, செத்தால்தான் கீழே விழும். இத்தனைக்கும் அந்தக் கப்பலில் இருந்த பிகஃபெட்டா என்ற இத்தாலியர் அதற்கு மெல்லிய கால்கள் உண்டு என்று தன் குறிப்பில் எழுதியே இருந்தார். அதைக் கேட்கிற மனநிலை யாருக்கும் இல்லை. இரண்டு நூற்றாண்டு கழித்து லின்னேயஸ் பெயர் வைத்தபோது கட்டுக்கதை அவிழ்ந்துவிட்டது, ஆனால் பெயர் ‘அபோடா’ என்றே பதிவானது.

இந்தத் தவறு எனக்கு வெறும் வேடிக்கையாகத் தெரியவில்லை. கிறிஸ்தவ ஐரோப்பாவுக்குக் காலில்லாத ஒரு பறவை தேவைப்பட்டது. மண்ணைத் தொடாத, அழுக்குப்படாத, சேற்றில் நடக்காத ஒரு உயிர். பரிசுத்தம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். ஆனால் அவர்கள் கும்பிட்ட கடவுளைப் பற்றிய கதை அதற்கு நேர் எதிரானது. அவருக்குக் கால்கள் இருந்தன. கலிலேயாவின் புழுதியில் நடந்தார். ஒரு பெண் அந்தக் கால்களைக் கண்ணீரால் நனைத்தாள். கடைசி இரவில் அவரே குனிந்து, மீனவர்களின் கால்களைக் கழுவினார். மறுநாள் அந்தக் கால்களில் ஆணி அடித்தார்கள். கால்களை வெட்டினால்தான் ஒன்றைப் பரலோகத்துக்குத் தகுதியாக்க முடியும் என்று நினைப்பது நம் பழைய வியாதி. மனிதர்களையும் அப்படித்தான் செய்கிறோம். யார் மண்ணில் நின்று வேலை செய்கிறார்களோ அவர்களுக்குத் தாழ்வான பெயர். யார் மண்ணைத் தொடவில்லையோ அவர்களுக்கு உயர்ந்த பெயர்.

*

மனிதர்களின் பெயரைச் சுமக்கும் பறவைகள் நிறைய. ஆதியாகமம் பதினொன்றாம் அதிகாரத்தில் பாபேல் கோபுரம் கட்டியவர்களின் நோக்கம் வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது: நமக்கென்று ஒரு பெயர் உண்டாக வேண்டும். ஆதாம் மற்றவைகளுக்குப் பெயர் கொடுத்தான், பாபேல்காரர்கள் தங்களுக்குப் பெயர் தேடினார்கள். பறவைக்கு ஒரு ஜெனரலின் பெயரை வைக்கும்போது இரண்டில் எது நடக்கிறது?

2023 நவம்பரில் அமெரிக்கப் பறவையியல் சங்கம் ஒரு முடிவை அறிவித்தது. தங்கள் எல்லைக்குள் மனிதர்களின் பெயரைக் கொண்ட பறவைகளின் ஆங்கிலப் பெயர்களை எல்லாம் மாற்றப்போவதாக. அடிமைமுறையை ஆதரித்தவர்கள், பூர்வகுடிகளின் கல்லறைகளைத் தோண்டியவர்கள் என்று பலரின் பெயர்கள் பறவைகளின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தன. அறிவியல் பெயர்கள் மட்டும் அப்படியே இருக்கும். அதற்கான சர்வதேச விதிகள் வேறு.

அந்தப் பட்டியலில் என்னை உறுத்துகிற பெயர் ஜான் பாக்மன். சார்ல்ஸ்டன் நகரில் பல பத்தாண்டுகள் லூத்தரன் போதகராக இருந்தவர், நல்ல இயற்கையியலாளர். அவர் கண்டெடுத்து அனுப்பிய ஒரு சின்ன மஞ்சள் கதிர்க்குருவிக்கு 1833இல் அவருடைய நண்பர் ஆடுபன் அவர் பெயரையே வைத்தார். இன்று அதற்கு வெர்மிவோரா பாக்மனி என்று பெயர். 1850இல் பாக்மன் ஒரு புத்தகம் எழுதினார். கறுப்பர்களும் வெள்ளையர்களும் வெவ்வேறு உயிரினங்கள் என்று அந்தக் காலத்து அறிஞர்கள் சிலர் வாதிட்டபோது, இல்லை, மனிதகுலம் ஒரே இனம்தான் என்று பறவை, விலங்கு ஆதாரங்களோடு நிறுவினார். சரியான விஷயத்தைச் சரியான காரணங்களோடு சொன்னார். ஆனால் அதே மனிதர் கறுப்பர்களைத் தாழ்ந்தவர்களாகவே எண்ணினார், அடிமைமுறையை ஆதரித்தார். 1860 டிசம்பரில் தென் கரோலினா, அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிவதற்காகக் கூட்டிய மாநாட்டில் ஜெபித்தவரும் அவர்தான்.

ஒரே இனம் என்று தெரியும். ஒரே ரத்தம் என்று பிரசங்கமும் செய்ய முடியும். பிறகும் அடிமை அடிமைதான். தமிழ்க் கிறிஸ்தவனுக்கு இது புரியாத விஷயமா? ஆடுபன் அந்தப் பெயரை வைத்த அதே 1833இல்தான் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி கூடாது என்று தென்னிந்தியாவுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் அதற்கு எதிர்ப்பு கிளம்பியது. கர்த்தருடைய பந்தியில் யார் முதலில் பாத்திரத்தைத் தொடுவது என்பதில் சண்டை. தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் பல ஊர்களில் இன்னும் இருக்கின்றன. பாக்மனைப் பார்த்துக் கல்லெறிய நினைக்கும்போது என் கையில் இருக்கிற கல் எந்த ஊர்க் கல் என்று பார்த்துக்கொள்கிறேன்.

2023 அக்டோபரில் அமெரிக்க அரசு அந்தப் பறவை அழிந்துவிட்டதாக முறைப்படி அறிவித்தது. இப்போது அந்தப் பறவை இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது.

அப்படியானால் மனிதப் பெயர்களை எல்லாம் துடைத்துவிட வேண்டியதுதானா? முடிவுக்கு வந்துவிட்டேன் என்று நினைத்த சமயத்தில் கிளாஸ் வந்து நின்றார். 1780களில் தென்னாப்பிரிக்காவில் பயணம் செய்த லெவையான் என்ற பிரெஞ்சுப் பறவை ஆய்வாளருக்கு வழித்துணையாக, உதவியாளராக இருந்தவர் கிளாஸ். கோய்கோய் இனத்தவர். அங்கே கண்ட ஒரு சின்னப் பச்சைக் குயிலுக்கு லெவையான் அவர் பெயரை வைத்தார். 1815இல் அது லத்தீனுக்கும் போனது. க்ரைசோகாக்சிக்ஸ் கிளாஸ். சுமை தூக்கியவர்கள், வழி காட்டியவர்கள், வேட்டையாடிக் கொடுத்தவர்கள், தோலுரித்தவர்கள் என்று ஆயிரம் பேர் உழைத்த இடத்தில் பெயர் மிஞ்சிய மிகச்சிலரில் ஒருவர். எல்லாப் பெயர்களையும் துடைத்தால் அவரும்தான் போவார். ஜெனரல்களுக்குச் சிலை உண்டு, கிளாஸுக்கு அந்தக் குயில் மட்டும்தான்.

*

நம் வானத்துக்கு வருகிறேன். சென்னையில் காசிமேட்டில் நின்று மேலே பார்த்தால் இரண்டு வகைப் பருந்துகளையும் பார்க்கலாம். வெள்ளைத் தலை, செங்கல் நிற உடல் கொண்ட செம்பருந்து. கிருஷ்ணப் பருந்து என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இன்னொன்று பழுப்பு நிறக் கரும்பருந்து. பிரிட்டிஷ்காரர்கள் ஆங்கிலத்தில் வைத்த பெயர்களைப் பாருங்கள். செம்பருந்துக்கு ‘பிராமினி கைட்’. கரும்பருந்துக்கு ‘பரையா கைட்’. ஆம், நம் ஊர்ச் சாதிப் பெயர்தான், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், தீண்டத்தகாத எல்லாவற்றுக்கும் பொதுச்சொல்லாகி, தெருநாய்க்கும் பருந்துக்கும் ஒட்டப்பட்டது. அழகாக இருப்பதற்கு மேல்சாதிப் பெயர், குப்பையில் தின்பதற்குக் கீழ்சாதிப் பெயர். இத்தனைக்கும் இரண்டும் துறைமுகத்தில் செத்த மீனைத்தான் பொறுக்குகின்றன.

லத்தீன் பெயர்கள் இங்கே கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றின. செம்பருந்து ஹாலியாஸ்டர் இண்டஸ், இந்தியக் கடற்பருந்து, அவ்வளவுதான். கரும்பருந்து மில்வஸ் மைக்ரன்ஸ். நம் ஊர்த் துணையினத்துக்கு 1832இல் சைக்ஸ் வைத்த பெயர் கோவிந்தா. ஊர் தீட்டென்று ஒதுக்கிய பெயரை ஆங்கிலத்தில் சுமந்த பறவைக்கு லத்தீனில் பெருமாள் பெயர்! இப்போது பறவைக் கையேடுகளில் ‘பரையா கைட்’ போய்விட்டது, ‘பிளாக் கைட்’ என்கிறார்கள். ‘பிராமினி கைட்’ மட்டும் சௌக்கியமாக இருக்கிறது. கீழே இருந்த பெயரை நீக்கிவிட்டு மேலே இருந்த பெயரை வைத்துக்கொண்டால் ஏணி போய்விட்டதென்று அர்த்தமா?

இனி அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றிச் சொல்லலாம். எங்கள் ஊர்க் கோயிலின் பழைய ஞானஸ்நான ஏடுகள் செல்லரித்துக்கொண்டிருந்தன. படமெடுத்து அனுப்புகிறோம், எக்செல்லில் ஏற்றித் தர முடியுமா என்று கேட்டார்கள். ஐடியில் வேலை பார்ப்பவனிடம் ஊர் கேட்கிற முதல் உதவி, பிரிண்டரைச் சரிசெய்வது. அடுத்தது இது. ஒத்துக்கொண்டேன். தேதி, பெயர், வயது, பெற்றோர், ஊர், ஞானஸ்நானம் கொடுத்த குருவானவர். இன்னொரு பத்தி: முந்தைய பெயர்.

1930களின் ஒரு பக்கத்தில் என் தாத்தா இருந்தார். பத்து வயதுப் பையன். புதுப்பெயர் ஒரு அப்போஸ்தலனுடையது. முந்தைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதன் பொருள் குப்பை. பிள்ளை தங்காத வீடுகளில் எமனை ஏமாற்ற அப்படிப் பெயர் வைப்பது உண்டு. ஆனால் எங்கள் தாத்தாவுக்கு அது வீட்டில் வைத்த பெயரல்ல என்று ஆச்சி சொல்லியிருக்கிறாள். வேலைக்குப் போன இடத்தில் வைத்தது. நல்ல பெயர் வைத்துக்கொள்ள எங்களுக்கு அனுமதி இருக்கவில்லை. ஞானஸ்நானம் முடிந்து முப்பது வருடம் கழித்தும் ஊரில் சிலர் அந்தப் பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவர்களில் கோயிலுக்கு வருகிறவர்களும் இருந்தார்கள்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “அத எழுதாதல. செத்தப்பொறவும் அந்தப் பேர்லயா அவரக் கூப்பிடணும்?” என்றார். அத்தை நேர் எதிராகச் சொன்னாள். “எழுதுப்பா. எழுதாம உட்டா அவனுவ அப்பிடிக் கூப்பிட்டதே இல்லன்னு ஆயிரும்லா?”

இரண்டு பேரும் சொன்னது சரியாகத்தான் பட்டது. அதனால்தான் மூன்று வாரம்.

*

பைபிளில் பெயர் மாறியவர்கள் பலர். ஆபிராம் ஆபிரகாமானான். அதன்பிறகு அவன் கதையில் பழைய பெயர் திரும்புவதே இல்லை. யாக்கோபின் விஷயம் வேறு. யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவெல்லாம் போராடியவனிடம், உன் பெயர் என்ன என்று முதலில் கேட்கப்படுகிறது. தன் பழைய பெயரை, எத்தன் என்று பொருள்படும் பெயரை, அவன் தன் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறகுதான் இஸ்ரவேல் என்ற பெயர் கிடைக்கிறது. அதற்கு அப்புறமும் வேதம் அவனை யாக்கோபு என்றும் அழைக்கிறது. ஒருவனுக்குப் பழைய பெயர் முழுதாகப் போய்விடுகிறது. இன்னொருவனுக்கு நொண்டிய தொடையைப்போலக் கூடவே வருகிறது.

ஆனால் யாக்கோபின் பழைய பெயர் அவன் செய்ததோடு தொடர்புடையது. என் தாத்தாவின் பழைய பெயர் மற்றவர்கள் செய்தது. அது அவருடைய பாவமல்ல, அவர்மேல் செய்யப்பட்ட பாவம். அதை அவர் அறிக்கையிட வேண்டியதில்லை. கூப்பிட்டவர்கள்தான் அறிக்கையிட வேண்டும். உயிரோடு இருந்தவரை அந்தப் பெயரைத் தாத்தா ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அதுவே அவருடைய தீர்ப்பு. பறவைகளால் இப்படி ஒரு தீர்ப்பைச் சொல்ல முடியாது. ஆகவே அவற்றுக்காக நாம் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

வழியைக் காட்டியது, வேடிக்கையாக, வகைப்பாட்டியல்தான். ஒரு உயிரினத்துக்கு இரண்டாவது பெயர் செல்லுபடியாகிவிட்டால் முதல் பெயரை அழிப்பதில்லை. அதை ஒத்தபெயர்ப் பட்டியலில் வைப்பார்கள். யாரும் அந்தப் பெயரில் இனி அழைக்க மாட்டார்கள். ஆனால் எப்போது, யார், எங்கே அப்படி அழைத்தார்கள் என்பது தேடுகிறவனுக்குக் கிடைக்கும். எங்கள் பழைய ஏடும் அதைத்தான் செய்திருந்தது. புதுப்பெயர் பெரிதாக, பழைய பெயர் தனிப் பத்தியில். வாயில் இருக்க வேண்டிய பெயர் ஒன்று, ஏட்டில் இருக்க வேண்டிய பெயர் ஒன்று. பாக்மன் விஷயத்திலும் இப்போது எனக்கு இதுதான் தோன்றுகிறது. சின்னப் பையன்கள் காட்டில் பறவையைப் பார்த்துக் கத்துகிற பெயர் மாறட்டும். லத்தீன் ஏட்டில் அந்தப் போதகரின் பெயர் இருக்கட்டும். மரியாதையாக அல்ல, சாட்சியாக.

*

எல்லாவற்றையும்விட நான் அதிகம் யோசித்தது ஒரு சாதாரணக் குருவியைப் பற்றி. மத்தேயுவில் இயேசு, காசுக்கு இரண்டு குருவி விற்பதைப் பற்றிப் பேசுகிறார். லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்குக்குத்தான் விலை. ஐந்தாவது கொசுறு. விலையே இல்லாத, எடைக்கு மேல் தூக்கிப் போடுகிற குருவி. அவைகளில் ஒன்றுகூடக் கடவுளால் மறக்கப்படவில்லை என்கிறார். நான்காவதுவரை யாரும் சொல்லிவிடலாம். அந்த ஐந்தாவதுக்காகத்தான் இந்த வசனம் என்று எனக்குப் படுகிறது.

அந்த இடத்தில் கிரேக்க மூலத்தில் வரும் சொல் ‘ஸ்ட்ரூதியோன்’, சின்னக் குருவி. அதே சொல்தான் நெருப்புக்கோழியின் அறிவியல் பெயரிலும் ஒளிந்திருக்கிறது. ஸ்ட்ருதியோ கமெலஸ். ஒட்டகக் குருவி. உலகத்தின் மிகப் பெரிய பறவை, சந்தையில் கொசுறாகக் கொடுத்த பறவையின் பெயரைத் தாங்கி ஓடுகிறது. நம் பழைய தமிழ் பைபிளில், யோபுவின் புத்தகத்தில், நெருப்புக்கோழிக்கு என்ன பெயர் தெரியுமா? தீக்குருவி. கிரேக்கனுக்கும் தமிழனுக்கும் அவ்வளவு பெரிய பறவையைப் பார்த்து ‘குருவி’ என்றுதான் வாயில் வந்திருக்கிறது.

சிட்டுக்குருவிக்கு லத்தீனில் பாஸெர் டொமெஸ்டிகஸ். வீட்டுக் குருவி. அது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிற பெயர். தமிழ் பைபிளில் அது அடைக்கலான் குருவி. ஆச்சி வாயில் அடைக்கலாங்குருவி. அடைக்கலம் தேடி வந்தது என்கிற பெயர். அதைச் சொன்னதும் சொல்கிறவனுக்கு ஒரு கடமை வந்துவிடுகிறது. ஓட்டுக்கும் உத்திரத்துக்கும் நடுவில் அது கட்டிய கூட்டை ஆச்சி கலைக்க விட்டதில்லை. “அடைக்கலம்னு வந்தத வெளிய தள்ளுனா நாம போய் எங்கல நிக்க?” என்பாள். நல்ல பெயர் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பெயர் வைக்கப்பட்டதைக் கட்டுப்படுத்துகிற பெயர்கள் உண்டு, பெயர் வைத்தவனைக் கட்டுப்படுத்துகிற பெயர்களும் உண்டு. முதலாவது சுலபம். இரண்டாவதுதான் நல்ல பெயர்.

நான்காவது வாரம் கோப்பை முடித்து அனுப்பினேன். வாட்ஸாப் குரூப்பில் சுற்றப்போகிற கோப்பு அது. ‘முந்தைய பெயர்’ பத்தியில் தாத்தாவுக்கு மட்டுமல்ல, எல்லோருக்குமே ஒரே மாதிரி எழுதினேன். ‘ஏட்டில் உள்ளது’, பக்க எண்ணோடு. வேண்டுமென்பவர்கள் பீரோவைத் திறந்து, தூசி தட்டி, அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துப் படிக்கட்டும். படிக்கும்போது கை கொஞ்சம் நடுங்கட்டும்.

அப்பாவிடம் சொன்னேன். “சரி” என்றார். அத்தையிடமும் சொன்னேன். “ஏடு பத்திரமா இருக்கும்லா?” என்று மட்டும் கேட்டாள். இருக்கும் என்றேன். அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போனேன். பிரசங்கத்துக்கு நடுவில் ஜன்னல் கம்பியில் ஒரு அடைக்கலாங்குருவி வந்து உட்கார்ந்தது. உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுப் பறந்துபோய்விட்டது.